புதிய ஆய்வு முடிவுகளில் எதை, எந்த அளவுக்கு நம்புவது?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். உயிரியல், மருத்துவம், பொருளாதாரம், மொபைல் தொழில்நுட்பம் ஆகிய நான்கிலும் "புதிய ஆய்வு" என்று வாரந்தோறும் ஏதாவது செய்தி வருகிறது, நேற்று சொன்னதை இன்று மறுக்கிறார்கள், இவற்றில் எந்தத் துறையை நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, மூலக் கட்டுரையைத் திறந்தால் தலைகால் புரியவில்லை, எங்கிருந்து படிக்கத் தொடங்குவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதல் கேள்விக்கு "இந்தத் துறை தேவலாம், அந்தத் துறை மோசம்" என்று பதில் சொன்னால் உங்களுக்கு ஒரு பயனும் இல்லை. ஏதோ ஒரு முடிவு கண்முன் இருக்கும்போது அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்பதுதான் உங்களுக்கு வேண்டியது என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன்.

மருத்துவச் சோதனைகளுக்குப் புள்ளியியல் கணக்குப் போடுவது என் தொழில். இதழ்களுக்கு வரும் கட்டுரைகளைப் பல ஆண்டுகளாக மதிப்பீடு செய்தும் கொடுக்கிறேன். அந்த வகையில் ஆய்வுக்கூட உயிரியலாளர்களோடும், ஃபோன், கைக்கடிகாரத் தரவைத் தூக்கிக்கொண்டு வருகிற கணினிக்காரர்களோடும் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கிறது. பொருளாதாரத்தில் நான் வாசகன் மட்டுமே. அந்தப் பகுதியில் நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளுபடியோடு எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்கு துறைகளும் தவறுகின்றன. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கே உரிய வழியில் தவறுகிறது. உயிரியல் கட்டுரையிடம் கேட்க வேண்டிய கேள்வியைப் பொருளாதாரக் கட்டுரையிடம் கேட்டால் அது சுலபமாகப் பாஸாகிவிடும், உங்களுக்கும் ஒன்றும் தெரியவராது. எந்த வகை ஆய்வு எங்கே சறுக்கும் என்று தெரிந்துவிட்டால், கட்டுரையின் நுணுக்கங்கள் புரியாவிட்டாலும் சரியான இடத்தில் கை வைத்துப் பார்க்கலாம்.

உயிரியலிலிருந்து தொடங்குகிறேன். 2012ல் ஆம்ஜென் மருந்து நிறுவனத்தின் ஆய்வாளர்கள், புற்றுநோய் பற்றிய 53 முக்கியமான கட்டுரைகளைத் தங்கள் கூடத்திலேயே திரும்பச் செய்து பார்த்ததாகவும், அவற்றில் 6 மட்டுமே தேறியதாகவும் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். எந்தக் கட்டுரைகள் என்று சொல்லவில்லை என்பதால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு நான் பெரிதாக வாதம் செய்வதில்லை. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 2021ல் 'ஈலைஃப்' இதழில் முடிவடைந்த புற்றுநோய் உயிரியல் மறுசெயல்பாட்டுத் திட்டம். அது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் செய்தது. 53 கட்டுரைகளிலிருந்து 193 சோதனைகளைத் திரும்பச் செய்யத் திட்டமிட்டார்கள். கடைசியில் செய்ய முடிந்தது 23 கட்டுரைகளின் 50 சோதனைகள். அந்த 193ல் ஒன்றைக்கூட, மூல ஆசிரியரைத் தொடர்புகொள்ளாமல், அச்சில் இருந்த விவரத்தை மட்டும் வைத்து முழுமையாக வடிவமைக்க முடியவில்லை. செய்து முடித்தவற்றிலும் விளைவின் அளவு, இடைநிலைக் கணக்கில், மூலத்தில் சொன்னதைவிட 85 சதவீதம் சிறியதாக இருந்தது.

இதைக் கேட்டவுடன் "எல்லாம் மோசடி" என்று பலர் கிளம்பிவிடுவார்கள். மோசடி இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்த 85 சதவீதச் சுருக்கத்துக்கு மோசடி தேவையே இல்லை. ஒரு குழுவுக்கு எட்டு எலி வைத்துச் செய்யும் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். மருந்துக்கு உண்மையிலேயே சிறிய பலன் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டு எலியில் அந்தச் சிறிய பலன் இயல்பான ஏற்ற இறக்கத்தில் கரைந்துபோய்விடும். பத்து ஆய்வுக்கூடங்கள் இதையே செய்தால், பெரும்பாலானவர்களுக்கு "ஒன்றும் தெரியவில்லை" என்றுதான் வரும், அது அச்சேறாது. யாருக்குத் தற்செயலாக மருந்துக் குழுவில் நல்ல எலிகள் அமைந்தனவோ, அவர்களுக்கு மட்டும் தற்செயல் அல்ல என்று கருதுவதற்கு வைத்திருக்கும் 0.05 என்ற பி மதிப்பு வரம்பைத் தாண்டும் அளவுக்குப் பெரிய வித்தியாசம் கிடைக்கும், அதுதான் கட்டுரையாகும். ஆக, சிறிய சோதனைகள் அச்சில் வரும்போது அவற்றின் எண்கள் ஊதியிருக்கத்தான் செய்யும். யாரும் பொய் சொல்லாமலேயே நடக்கிற காரியம் இது. ஆகவே உயிரியல் கட்டுரையில் நான் முதலில் தேடுவது எத்தனை எலி, எத்தனை தனித்தனிச் சோதனை என்பதை. ஒரே தட்டில் வளர்ந்த செல்களை நூறு முறை எண்ணிவிட்டு நூறு மாதிரிகள் என்று கணக்குக் காட்டுவது இன்னமும் நடக்கிறது. உண்மையில் அது ஒரே ஒரு மாதிரிதான்.

எண்ணிக்கை சிறியது என்பதற்காக மட்டும் எதையும் தள்ளிவிட வேண்டாம். அரிவாள் செல் நோய் என்ற பரம்பரை இரத்த நோய்க்கு மரபணுவைத் திருத்தும் 'காஸ்ஜெவி' சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட நோயாளிகள் 31 பேர்தான். அவர்களில் 29 பேருக்குத் தொடர்ந்து ஓராண்டு கடுமையான வலித்தாக்குதல் வரவில்லை. சோதனைக்குள் நுழையும் தகுதியே, ஆண்டுதோறும் இப்படிக் குறைந்தது இரண்டு தாக்குதலாவது வந்திருக்க வேண்டும் என்பது. வித்தியாசம் இவ்வளவு பெரிதாக இருக்கும்போது 31 பேரே போதும். இருபது ஆண்டுக்குப் பிறகு அவர்கள் எப்படி இருப்பார்கள் என்பதற்கு அந்த 31 பேரிடம் விடை இல்லை, அது வேறு கேள்வி.

ஏஐ வைத்துப் புரதங்களின் வடிவத்தைக் கணிக்கும் ஆல்ஃபாஃபோல்டு பற்றியும் குறிப்பிட்டிருந்தீர்கள். இதை நான் பெரும்பாலும் நம்புகிறேன். டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பர் இருவருக்கும் 2024ல் வேதியியல் நோபல் கிடைத்தது (புதிய புரதங்களை வடிவமைத்த டேவிட் பேக்கருடன் பகிர்ந்துகொண்டார்கள்) என்பதற்காக அல்ல. 1994 முதல் நடந்துவரும் 'காஸ்ப்' என்ற போட்டியில், ஆய்வுக்கூடத்தில் வடிவம் கண்டறியப்பட்டு இன்னும் வெளியிடப்படாத புரதங்களின் அமினோ அமில வரிசையை மட்டும் கொடுப்பார்கள். விடை நடுவர்களிடம் இருக்கும். 2020ல் அந்தக் கண்கட்டுச் சோதனையில் ஆல்ஃபாஃபோல்டு மற்றவர்களை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. விடை தெரியாதபோது சொன்னதைச் சரிபார்த்தார்கள் என்பதே என் நம்பிக்கைக்குக் காரணம். 2022ல் 20 கோடிக்கும் மேற்பட்ட புரத வடிவங்களை வெளியிட்டார்கள் என்ற செய்தியை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். அவை கணிப்புகள். ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை உறுதி என்று 100க்கு ஒரு மதிப்பெண்ணும் கூடவே வருகிறது. 90க்கு மேல் என்றால் நிம்மதியாகப் பயன்படுத்தலாம், 50க்குக் கீழ் என்றால் அந்த இடத்தில் படம் வெறும் கோலம்தான். புரதத்தின் வடிவம் தெரிந்ததாலேயே மருந்து கிடைத்துவிடும் என்பதும் செய்திக்காரர்கள் தாமாகப் போட்ட பாலம்.

மருத்துவத்துக்கு வருகிறேன், இது என் வீடு. இங்கே நல்ல ஆய்வுகள் மிக நல்லவை. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் மருந்து, மறுபக்கம் போலி மருந்து கொடுத்து, யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாமல் வைத்து நடத்தும் சோதனைக்கு இணையான கருவி மற்ற மூன்று துறைகளிலும் அரிது. குலுக்கல் இல்லாமல், யார் தாமாக என்ன எடுத்துக்கொண்டார்கள், அவர்களுக்கு என்ன ஆனது என்று கவனிக்கும் ஆய்வுகள் எப்படி ஏமாற்றும் என்பதற்கு மாதவிடாய் நின்ற பிறகு கொடுக்கும் ஹார்மோன் சிகிச்சை நல்ல உதாரணம். அதை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு இதய நோய் குறைவு என்று கவனிப்பு ஆய்வுகள் சொல்லிவந்தன. 16,608 பெண்களைக் குலுக்கிப் பிரித்து நடத்திய அமெரிக்கச் சோதனை 2002ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் இரண்டும் சேர்த்து எடுத்தவர்களுக்கு இதய நோயும் மார்பகப் புற்றுநோயும் சற்றுக் கூடியிருந்தன. வசதியும் படிப்பும் உடல்நலத்தில் அக்கறையும் உள்ள பெண்கள்தான் தாமாகப் போய் அந்தச் சிகிச்சையைக் கேட்டு வாங்கியவர்கள் என்பது முந்தைய கணக்கில் பெரிய அளவுக்கு ஒளிந்திருந்தது. உணவு, வைட்டமின், தூக்கம் பற்றி ஒன்றை ஒன்று மறுத்து நீங்கள் பார்க்கும் செய்திகளில் பெரும்பாலானவை இந்தக் கவனிப்பு வகையைச் சேர்ந்தவை. அவற்றைப் படித்துவிட்டு நான் என் பழக்கத்தை மாற்றிக்கொள்வதில்லை.

குலுக்கல் சோதனையிலும் எண் சரியாக இருந்து, சொல்லும் விதம் ஏமாற்றலாம். எடை குறைக்கப் பயன்படும் செமாக்ளூடைட் ஊசி "மாரடைப்பை 20 சதவீதம் குறைத்தது" என்று 2023ல் உலகமெங்கும் செய்தி. அந்த 'செலக்ட்' சோதனையில் இருந்தவர்கள் 17,604 பேர், எல்லோரும் 45 வயதுக்கு மேற்பட்டவர்கள், உடல் எடை கூடியவர்கள், ஏற்கெனவே இதய அல்லது இரத்தநாள நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். சராசரியாக மூன்று ஆண்டுக்குச் சற்று மேல் கண்காணித்தார்கள். இதயநோய் மரணம், மாரடைப்பு, பக்கவாதம் மூன்றையும் சேர்த்து எண்ணினால், போலி மருந்துக் குழுவில் 8.0 சதவீதம், ஊசிக் குழுவில் 6.5 சதவீதம். எட்டு, ஆறரை ஆனது என்பதுதான் அந்த 20 சதவீதம். நூறு பேருக்கு மூன்றே கால் ஆண்டு ஊசி போட்டால் ஒருவருக்கோ இருவருக்கோ தாக்குதல் தவிர்க்கப்படும். என்னைக் கேட்டால் இது நல்ல முடிவு, நல்ல சோதனை, மருந்து நிறுவனமே பணம் போட்டு நடத்தியது என்றாலும்கூட. ஆனால் இதய நோய் இல்லாமல் எடை குறைக்க மட்டும் ஊசி போட்டுக்கொள்கிறவருக்கு அந்த 20 சதவீதம் பொருந்தும் என்று இந்தச் சோதனை எங்கும் சொல்லவில்லை.

அல்சைமர் மருந்து லெகானமாப் இன்னும் நுட்பமான விஷயம். 1,795 பேரை 18 மாதம் கண்காணித்த சோதனை 2022 இறுதியில் வெளியானது. "நோயின் வேகம் 27 சதவீதம் குறைந்தது" என்று தலைப்பு. அளந்த அளவுகோல் 0 முதல் 18 வரை போகும். மதிப்பெண் ஏற ஏற நிலைமை மோசம். போலி மருந்துக் குழுவின் நிலை 1.66 புள்ளி மோசமானது, மருந்துக் குழு 1.21 புள்ளி. வித்தியாசம் 0.45. இது தற்செயல் அல்ல என்பது உறுதி, கணக்கு சுத்தமாக இருக்கிறது. பதினெட்டில் அரைப் புள்ளியைக் கூட இருந்து பார்த்துக்கொள்ளும் மகளோ கணவரோ உணர்வார்களா என்பதுதான் உறுதியில்லாத பகுதி. அதில் நரம்பியல் நிபுணர்களே இரண்டாகப் பிரிந்து நிற்கிறார்கள். மருந்து எடுத்தவர்களில் 12.6 சதவீதம் பேருக்கு மூளை ஸ்கேனில் வீக்கம் தெரிந்தது, மறுபக்கம் 1.7 சதவீதம். தலைப்பில் வராத எண்கள் இவை. மருத்துவக் கட்டுரையில் சதவீதம் வந்தால், எதிலிருந்து எதற்கு என்ற இரண்டு எண்களையும் தேடிப் பிடியுங்கள். அவை கட்டாயம் உள்ளே இருக்கும், பெரும்பாலும் சுருக்கத்திலேயே இருக்கும்.

பொருளாதாரத்தில் பெரும்பாலான கேள்விகளுக்குக் குலுக்கல் முடியாது. ஒரு நாட்டின் கடனைக் குலுக்கிப் போட்டு ஏற்றவா முடியும்? அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரெமர் மூவரும் கிராமங்களையும் பள்ளிகளையும் குலுக்கிப் பிரித்துச் சோதனை செய்யும் முறைக்காக 2019ல் நோபல் பெற்றார்கள். பெரிய கேள்விகளுக்கு அந்த வழி எட்டாது. அங்கே தரவு பொதுவில் இருக்கும், ஆனால் எந்த ஆண்டைச் சேர்ப்பது, எதற்கு எவ்வளவு எடை கொடுப்பது என்று கணக்குப் போடுகிறவர் எடுக்கும் சின்னச்சின்ன முடிவுகள் விடையைத் திருப்பிவிடும். கார்மென் ரைன்ஹார்ட், கென்னத் ரோகாஃப் இருவரின் 2010ஆம் ஆண்டுக் கட்டுரை இதற்குப் பிரபலமான உதாரணம். கடன், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 90 சதவீதத்தைத் தாண்டிய நாடுகளின் சராசரி வளர்ச்சி மைனஸ் 0.1 சதவீதம் என்றார்கள். சிக்கன நடவடிக்கை வேண்டும் என்று வாதாடிய அரசியல்வாதிகள் அதைக் கையில் எடுத்துக்கொண்டார்கள். 2013ல் தாமஸ் ஹெர்ண்டன் என்ற ஆய்வு மாணவர் அவர்களுடைய எக்செல் கோப்பையே வாங்கித் திறந்து பார்த்தார். சராசரி எடுக்கும் சூத்திரத்தில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தன. தன் பேராசிரியர்கள் இருவரோடு சேர்ந்து அவர் திருத்திய எண் பிளஸ் 2.2 சதவீதம்.

எல்லோரும் எக்செல் பிழையை மட்டும் சொல்லிச் சிரிப்பார்கள். உண்மையில் அந்தப் பிழையின் பங்கு சிறியது. எந்த ஆண்டுகளை விட்டார்கள், ஒரே ஒரு ஆண்டு மட்டும் வரம்பைத் தாண்டிய நாட்டுக்கும் இருபது ஆண்டு தாண்டிய நாட்டுக்கும் ஒரே எடை ஏன் என்பவைதான் விடையை அதிகம் நகர்த்தின. அவை பிழைகளல்ல, தேர்வுகள். அவற்றை நியாயப்படுத்தியும் வாதாடலாம். (எக்செலைப் பொறுத்தவரை உயிரியலாளர்கள் சிரிக்க முடியாது. செப்ட்2 என்ற மரபணுப் பெயரை அந்த மென்பொருள் செப்டம்பர் 2 என்று தேதியாக மாற்றிக்கொண்டே இருந்ததால், 2020ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிக்கொண்டார்கள்.) தேர்வுகள் எந்த அளவுக்கு விடையை ஆட்டும் என்பதை 2018ல் வெளியான ஒரு ஆய்வு நேராகவே சோதித்தது. கால்பந்து நடுவர்கள் கருநிற வீரர்களுக்கு அதிகமாகச் சிவப்பு அட்டை காட்டுகிறார்களா என்ற ஒரே கேள்வியையும் ஒரே தரவையும் 29 குழுக்களிடம் கொடுத்தார்கள். 20 குழுக்கள் ஆம் என்றன, 9 குழுக்கள் உறுதியாகச் சொல்ல முடியாது என்றன. யாரும் தப்புச் செய்யவில்லை.

பொருளாதாரத்துக்குச் சாதகமாகவும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் துறையின் ஆய்வுக்கூடச் சோதனைகள் 18ஐ 2016ல் திரும்பச் செய்தபோது 11 தேறின. அதற்கு ஓராண்டுக்கு முன் உளவியலில் அதே வேலையைச் செய்தபோது ஏறத்தாழ மூன்றில் ஒன்றுதான் தேறியது. பல முன்னணிப் பொருளாதார இதழ்கள் தரவையும் நிரலையும் கட்டாயம் கேட்டு வாங்கி வெளியிடுகின்றன. இந்த விஷயத்தில் மருத்துவ இதழ்கள் வெகுவாகப் பின்தங்கியிருக்கின்றன.

பொருளாதாரமும் மொபைலும் கைகோக்கும் ஆய்வாக, கென்யாவின் எம்-பெசா பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஃபோன் வழியாகப் பணம் அனுப்பும் அந்தச் சேவை 2007ல் தொடங்கியது. அது 1,94,000 குடும்பங்களை, அதாவது நாட்டின் குடும்பங்களில் 2 சதவீதத்தை, வறுமையிலிருந்து மேலே தூக்கியது என்று தவ்நீத் சூரி, வில்லியம் ஜாக் இருவரும் 2016ல் 'சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஃபோன் வைத்திருந்தவரையும் வைத்திருக்காதவரையும் அவர்கள் ஒப்பிட்டிருந்தால் நான் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டேன், ஏனென்றால் வசதியானவர்தான் முதலில் ஃபோன் வாங்குவார். அதற்குப் பதில், எந்த ஊரைச் சுற்றிச் சேவை முகவர்கள் அதிகமாக முளைத்தார்கள், அங்கே குடும்பச் செலவு எப்படி மாறியது என்று ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்தார்கள். முகவர்கள் தாமாகவே வளரப்போகிற ஊர்களைத் தேடிப் போகவில்லை என்ற அனுமானத்தில் அந்த முடிவு நிற்கிறது. அதற்குச் சான்றும் கொடுத்திருக்கிறார்கள், அதைக் கடுமையாக எதிர்த்தவர்களும் உண்டு. பலன் இருந்தது, குறிப்பாகப் பெண்கள் தலைமையேற்ற குடும்பங்களுக்கு, என்ற திசையை நான் ஏற்கிறேன். 1,94,000 என்ற எண்ணைக் கல்லில் வெட்டியதாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

மொபைல், கைக்கடிகார ஆய்வுகளில் ஆட்களின் எண்ணிக்கை மூச்சுமுட்டும். ஆப்பிள் கைக்கடிகாரத்தை வைத்து ஸ்டான்ஃபோர்டு நடத்திய இதய ஆய்வில் 4,19,297 பேர். 2019ல் வந்த அந்த முடிவில் எல்லோரும் பிடித்துக்கொண்ட எண், கடிகாரத்தின் எச்சரிக்கை 84 சதவீதம் சரி என்பது. இதைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்ப்போம். நாலு லட்சத்துச் சொச்சம் பேரில் "துடிப்பு ஒழுங்கில்லை" என்று எச்சரிக்கை வந்தது 2,161 பேருக்கு, அதாவது 0.52 சதவீதம். அவர்களில் மார்பில் ஒட்டும் ஈசிஜி பட்டையை ஆய்வுக்கு உகந்த நிலையில் திருப்பி அனுப்பியவர்கள் 450 பேர். அந்தப் பட்டையில் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்பு தெரிந்தது 34 சதவீதம் பேருக்கு. அது வந்து வந்து போகும் கோளாறு என்பதால் இதை வைத்து மற்றவர்களுக்கு வந்தது பொய் எச்சரிக்கை என்று சொல்லிவிட முடியாது. அந்த 84 எங்கிருந்து வந்தது என்றால், பட்டை ஒட்டியிருந்த நாட்களில் மறுபடியும் கடிகார எச்சரிக்கை வந்தவர்களிடம், அந்த நேரத்தில் பட்டையும் அதையே காட்டியதா என்று பார்த்தது. ஏற்கெனவே ஒருமுறை வடிகட்டப்பட்டவர்களிடம் எடுத்த கணக்கு. நாலு லட்சத்தில் தொடங்கிய ஆய்வின் மையமான எண் சில நூறு பேரில்கூட நிற்கவில்லை. ஆய்வுக் கட்டுரை எதையும் மறைக்கவில்லை, எல்லாம் அட்டவணையில் இருக்கிறது. செய்திதான் மேலேயும் கீழேயும் இருந்த எண்களை ஒட்டிக் காட்டியது.

அதைவிடப் பெரிய கேள்வி, கண்டுபிடித்தால் என்ன நன்மை என்பது. டென்மார்க்கில் 70 முதல் 90 வயது வரையிலான 6,004 பேரை வைத்து நடத்திய 'லூப்' சோதனை 2021ல் வெளியானது. ஒரு பகுதியினருக்குத் தோலுக்கடியில் கருவி வைத்து இதயத்துடிப்பை இடைவிடாமல் கண்காணித்தார்கள். ஒழுங்கற்ற துடிப்பு அவர்களில் 31.8 சதவீதம் பேருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் 12.2 சதவீதம். இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையும் இருமடங்குக்கு மேல் அதிகமானவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. இவ்வளவுக்குப் பிறகு பக்கவாதம் அல்லது உறைகட்டி அடைப்பு 5.6 சதவீதத்திலிருந்து 4.5 ஆகத்தான் இறங்கியது, அதுவும் தற்செயலாக இருக்கலாம் என்ற எல்லைக்குள். கருவி துல்லியமானது என்பது ஓரளவு உறுதி. அறிகுறி எதுவும் இல்லாதவரிடம் தேடிப் பிடிப்பது அவருக்கு நல்லதா என்பது இன்னும் தீராத கேள்வி. எச்சரிக்கை வந்தவர் அதை அலட்சியம் செய்யலாம் என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். வந்தால் டாக்டரிடம் போய் முறையான ஈசிஜி எடுத்துவிடுங்கள்.

ஃபோன் தரவை வைத்து மனச்சோர்வையோ நடுக்கத்தையோ கணிக்கும் மென்பொருள்களின் கட்டுரைகள் என்னிடம் மதிப்பீட்டுக்கு வரும்போது நான் நேரே போய்ப் பார்க்கும் ஒரே இடம், தரவை எப்படிப் பிரித்தார்கள் என்பது. முப்பது பேரிடம் ஆளுக்கு நூறு பதிவுகள் இருக்கும். மூவாயிரம் பதிவுகளையும் கலக்கிப் போட்டு, பாதியைப் பயிற்சிக்கும் மீதியைப் பரிசோதனைக்கும் வைத்தால், அதே ஆளின் பதிவு இரண்டு பக்கமும் விழும். மென்பொருள் நோயைக் கற்றுக்கொள்ளாது, ஆளை அடையாளம் கண்டுகொள்ளும். வினாத்தாள் முன்பே கையில் கிடைத்த மாணவன் வாங்கும் மதிப்பெண் மாதிரி துல்லியம் 95, 97 என்று வரும். ஆட்களையே தனியாகப் பிரித்து, முன்பின் பார்த்திராத ஆளிடம் சோதித்தால் எண் சடசடவென்று இறங்கும். "ஆள்வாரியாகப் பிரித்தோம்" என்ற ஒரு வாக்கியம் கட்டுரையில் இல்லையென்றால் அந்தத் துல்லியத்தை நான் கணக்கில் எடுப்பதில்லை.

இந்த வகைக்கு இன்னொரு நோயும் உண்டு. அளக்கப்படும் உலகம் அளந்த பிறகு மாறிவிடும். தேடல்களை வைத்துக் காய்ச்சல் பரவலைக் கணித்த கூகுள் ஃப்ளூ டிரெண்ட்ஸ் 2008ல் ஆரவாரத்தோடு வந்தது. 2011 ஆகஸ்டுக்குப் பிந்தைய 108 வாரங்களில் 100 வாரங்கள் அது அளவுக்கு மீறியே சொன்னது என்று பிறகு ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2015ல் கடையைக் கட்டினார்கள். தேடுபொறியும் மக்கள் தேடும் விதமும் மாறிக்கொண்டே இருந்தன, கூகுளின் கணிப்பு முறை மட்டும் பழைய உலகத்தில் நின்றது. இதற்கு மாறாக நான் மதிக்கும் ஒரு மொபைல் ஆய்வு, இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளின் கோவிட் தொடர்பறியும் செயலி பற்றி 2021ல் 'நேச்சரில்' வந்தது. மூன்று மாதத்தில் அந்தச் செயலி எத்தனை தொற்றுகளைத் தடுத்தது என்று இரண்டு வழிகளில் கணக்கிட்டு, ஒரு வழியில் 2,84,000, இன்னொரு வழியில் 5,94,000 என்று இரண்டையும் அப்படியே போட்டிருந்தார்கள். சின்ன எண்ணையே எடுத்துக்கொண்டாலும் பலன் கணிசமானது, அதே நேரம் நம் அறிவில் இரண்டு மடங்கு இடைவெளி இருக்கிறது என்பதும் தெரிந்துவிடுகிறது. இப்படி எழுதும் ஆட்களை நான் நம்புவேன்.

இனி, கட்டுரையை எங்கிருந்து படிப்பது. முன்னுரையையும் முடிவுரையையும் விட்டுவிடுங்கள், அங்கேதான் ஆசிரியர்கள் வியாபாரம் பேசுவார்கள். முதல் அட்டவணைக்குப் போங்கள். யாரெல்லாம் பங்கெடுத்தார்கள், வயது என்ன, என்ன நோய் என்று இருக்கும். செய்தி யாரைப் பற்றிப் பேசுகிறதோ அவர்கள் அதில் இருக்கிறார்களா என்று பாருங்கள். மருத்துவச் சோதனை என்றால் சுருக்கத்தின் அடியில் ஒரு பதிவு எண் இருக்கும். அதை கிளினிக்கல்டிரையல்ஸ் டாட் கவ் போன்ற பொதுத் தளத்தில் போட்டால், சோதனை தொடங்கும் முன் எதை முதன்மையாக அளப்போம் என்று எழுதிக்கொடுத்தார்கள் என்பது வரும். கட்டுரையில் பெருமையாகச் சொல்லும் பலன் அந்த முதன்மை அளவுதானா, அல்லது அது தோற்றுப்போய்ப் பக்கத்தில் கிடந்த இன்னொன்றை எடுத்து முன்னால் வைத்திருக்கிறார்களா? இது ஐந்து நிமிட வேலை, புள்ளியியல் தெரிய வேண்டியதில்லை. இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு கணக்கு. அமெரிக்கத் தேசிய இதய, நுரையீரல், இரத்த நிறுவனம் பணம் கொடுத்த பெரிய சோதனைகளில், இப்படி முன்பதிவு வழக்கத்துக்கு வந்த 2000க்கு முன் 30ல் 17 பலன் காட்டின. அதன் பிறகு 25ல் 2தான். மருந்துகள் திடீரென்று மோசமாகிவிட்டன என்று நான் நம்பவில்லை.

பியர் ரிவ்யூ (அதே துறை நிபுணர்களின் மதிப்பீடு) முடிந்த கட்டுரையை மட்டும் நம்பினால் போதுமா என்றும், ப்ரீபிரிண்ட் (அந்த மதிப்பீட்டுக்கு முன்பே இணையத்தில் போடும் பிரதி) என்றால் ஒதுக்கிவிடலாமா என்றும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். மதிப்பீடு செய்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களுக்குப் பெரும்பாலும் மூலத் தரவு வருவதில்லை. எழுதியிருப்பதற்குள் முரண் இருக்கிறதா, முறை சரியா என்று பார்க்கிறோம், அவ்வளவே. 2020 மே 22ல் 'லான்செட்' இதழில் கோவிட் நோயாளிகளுக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மருந்து கொடுப்பது பற்றி ஒரு கட்டுரை வந்தது. 671 மருத்துவமனைகள், 96,000 நோயாளிகள், முறைப்படி மதிப்பீடு முடிந்தது. உலக சுகாதார நிறுவனம் தன் கோவிட் சோதனையில் அந்த மருந்துக்கான பகுதியை அதைப் பார்த்து இடைநிறுத்தியது. தரவைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, கட்டுரைக்குத் தரவு தந்திருந்த தனியார் நிறுவனம் காட்டவில்லை, ஜூன் 4ல் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. அதே ஜூன் மாதம், டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான மருந்து வென்டிலேட்டரில் இருந்த கோவிட் நோயாளிகளின் மரணத்தை 40.7 சதவீதத்திலிருந்து 29.0 ஆகக் குறைத்தது என்ற பிரிட்டனின் 'ரெகவரி' சோதனை முடிவு, எந்த இதழிலும் வருவதற்கு முன் ப்ரீபிரிண்டாகத்தான் வெளியானது. அது இன்றுவரை நிற்கிறது. ஆகவே ப்ரீபிரிண்டைப் படிக்கலாம். அந்தப் பக்கத்தின் மேலேயே அது பின்னால் இதழில் வெளியாகியிருந்தால் இணைப்பு இருக்கும், திருத்திய பதிப்புகளும் வரிசையாக இருக்கும். முதல் பதிப்பில் இருந்த எண்ணும் கடைசிப் பதிப்பில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.